ஜார் வீட்டுச் சாமான் பட்டியல்

1917 அக்டோபர் 25 இரவு பெத்ரோகிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) குளிர்கால அரண்மனையைப் போல்ஷெவிக்குகள், அதாவது லெனினின் புரட்சிக் கட்சியினர், தாக்கியபோது அதில் எந்த ஜாரும் குடியிருக்கவில்லை. இரண்டாம் நிக்கொலாஸின் குடும்பம் 1905 முதலே பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோவில்தான் வாழ்ந்துவந்தது. 1915 அக்டோபரில் பெரிய மண்டபங்கள் போர்க்கள மருத்துவமனையாகின. நடனங்கள் நடந்த நிக்கொலாஸ் மண்டபத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டில் போட்டார்கள். 1917 ஜூலையில், ஜார் பதவி விலகிய பின் அமைந்த இடைக்கால அரசு உள்ளே வந்தது. ஜெர்மன் படை நெருங்குகிறது என்ற அச்சத்தில், ஒட்டினாற்போலிருந்த எர்மிதாஜ் அருங்காட்சியகத்தின் பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து செப்டம்பரிலும் அக்டோபரிலுமாக இரண்டு ரயில்களில் மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது ரயில் கிளம்புவதற்குள் புரட்சி வந்துவிட்டது. (1918 பிப்ரவரிக்கு முந்தைய தேதிகளைப் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படியே தருகிறோம். 13 நாள் கூட்டினால் இன்றைய நாட்காட்டி.)

போல்ஷெவிக்குகள் அரண்மனைகளைச் சூறையாடினார்கள் என்பவர்களும் உண்டு, அவர்கள்தான் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கும், ஏனென்றால் இரண்டும் நடந்தன. ஒரே அரண்மனையில், சில வேளைகளில் ஒரே அலுவலகத்தின் கையாலேயே நடந்தன. எது எப்போது நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கொள்கை அறிக்கைகளைவிட இரண்டு விஷயங்கள் கூடுதலாக உதவும்: ஒன்று அறைவாரியாக எழுதப்பட்ட சாமான் பட்டியல், மற்றொன்று விறகு.

பட்டியல் வேலையைத் தொடங்கியது போல்ஷெவிக்குகள் அல்லர். ஜார் பதவி விலகிய சில மாதங்களிலேயே, பழைய அரசவை அமைச்சகத்தின் சொத்துகளைக் கணக்கெடுக்க இடைக்கால அரசு கலை-வரலாற்றுக் குழுக்களை அமைத்தது. ஜார்ஸ்கோயே செலோவுக்குக் கலை வரலாற்றாளர் கியோர்கி லுகோம்ஸ்கி. இன்னோர் அரண்மனை ஊரான காத்சினாவுக்கு, சொந்தச் செலவில் கலை வரலாற்று நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்த கோமகன் வலந்தின் ஸுபோவ். பாவ்லோவ்ஸ்கைப் பின்னர் அலெக்சாந்தர் போலோவ்த்சோவ் பார்த்துக்கொண்டார். மூவரும் பழைய சமூகத்தின் மேல்தட்டுக்காரர்கள். புரட்சிக்குப் பிறகும் அதே நாற்காலியில் அமர்ந்து அதே வேலையைத் தொடர்ந்தார்கள் என்பதுதான் இக்கதையின் முதல் வியப்பு. புதிய அரசிடம் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மேசையையும் அதன் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகலையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள் இல்லை. இவர்களுக்கோ அந்த மேசைகளை விட்டுப்போக மனம் இல்லை. சில காலத்துக்கு அந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் ஒத்துவந்தது. பின்னர் மூவரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். கடைசியாகப் போனவர் ஸுபோவ், 1925இல்.

பட்டியல் எடுப்பது சொல்லுக்கு எளிது. ஓர் அறையின் கதவிலிருந்து தொடங்கிச் சுவரையொட்டி ஒரே திசையில் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு வரி விவரம், அளவு, சேதம் ஏதும் இருந்தால் குறிப்பு. எண்ணைப் பொருளின் அடியிலோ பின்புறத்திலோ எழுத வேண்டும் அல்லது சீட்டாக ஒட்ட வேண்டும். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அறையைப் படம்பிடித்து வைக்க வேண்டும். 1917 கோடையில் லுகோம்ஸ்கியின் குழு, அந்த்ரேய் ஸேஸ்ட் என்ற படப்பிடிப்பாளரைக் கொண்டு ஜார்ஸ்கோயே செலோ அறைகளை வண்ணத்திலேயே பிடித்தது. கண்ணாடித் தகட்டில் நேரடியாக நிறம் பதியும் ஆட்டோக்ரோம் முறை. இரண்டாம் உலகப் போரில் அழிந்த அறைகளின் திரைச்சீலை எந்த நிறம், சுவர்ப்பட்டு எந்த நிறம் என்ற கேள்விக்கு அந்தத் தகடுகள் இன்றும் பதில் சொல்கின்றன.

இனி அக்டோபர். தாக்குதல் இரவில் அரண்மனைக்கு நேர்ந்த சேதம், பின்னாளில் வளர்ந்த கதைகளை வைத்துப் பார்த்தால் சிறிது. குடியிருப்பு அறைகள் சில குடையப்பட்டன, சிறு பொருள்கள் களவுபோயின. பெரிய தலைவலி பாதாளத்தில் இருந்தது. ஜாரின் மதுக்கிடங்கைக் காவல்காக்க எந்தப் படைப்பிரிவை நிறுத்தினாலும் அது குடித்துவிட்டு விழுந்தது. வெள்ளம் பாய்ச்சி அழிக்க வந்த தீயணைப்புப் படையினரும் குடித்தார்கள் என்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய அந்தோனோவ்-ஓவ்செயென்கோவே எழுதி வைத்திருக்கிறார். புட்டிகளை உடைத்து ஊற்றித் தீர்க்க வாரக்கணக்கானது.

அக்டோபர் 30 அன்று, அதாவது தாக்குதலுக்கு ஐந்தே நாள் கழித்து, கல்வித்துறைக் கமிசார் அனத்தோலி லுனச்சார்ஸ்கி குளிர்கால அரண்மனையை அரசு அருங்காட்சியகமாக அறிவித்தார். அதே வாரத்தில் மாஸ்கோ கிரெம்ளின் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள் என்ற செய்தி கேட்டுப் பதவி விலகல் கடிதமும் கொடுத்தார், பின்பு திரும்பப் பெற்றுக்கொண்டார். 1918 கோடையிலிருந்து அறிவிப்புகள் சட்டமாயின. ஜூலை 13 ஆணை ரோமனோவ் குடும்பத்தின் அசையும், அசையாச் சொத்துகளை அரசுடைமையாக்கியது. செப்டம்பர் 19 ஆணை கலைப்பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடை செய்தது. அக்டோபர் 5 ஆணை தனியாரிடம் உள்ள கலைப்பொருள்களையும் பதிவு செய்யச் சொன்னது. கல்வித்துறையின் அருங்காட்சியகப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் நத்தாலியா செதோவா, த்ரோத்ஸ்கியின் மனைவி. அலுவலகத்துக்கு இடம் தேடிவரும் படைப்பிரிவுகளையும் குழுக்களையும் தடுக்க, முத்திரையிட்ட காப்புச் சீட்டு ஒன்றைக் கதவில் ஒட்டுவார்கள். அது எந்த அளவு பலித்தது என்பது கதவைத் தட்டியவர் யார் என்பதைப் பொறுத்தது.

1918 மே, ஜூன் மாதங்களிலேயே பீட்டர்ஹாஃப், காத்சினா, பாவ்லோவ்ஸ்க், ஜார்ஸ்கோயே செலோ அரண்மனைகள் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. உள்நாட்டுப் போர், பஞ்சம், ரொட்டிக்கு வரிசை. அதற்கு நடுவே தொழிலாளர் குழுக்கள் செருப்பின் மேல் உறை மாட்டிக்கொண்டு மரப்பதிப்புத் தரைகளில் நடந்தன. அலங்காரத்துக்காகச் சொன்ன விவரம் இல்லை இந்த உறை. நாளைக்குச் சில நூறு சோடிப் பூட்சுகள், அதிலும் ஆணி அடித்தவை, நடந்தால் ரோஸ்வுட், எபனி, மஹாகனித் துண்டுகளால் கோலம் போட்ட தரை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். அரச குடும்பம் நூறு ஆண்டு நடந்து தேய்க்காததை ஒரு கோடைக்காலக் கூட்டம் தேய்த்துவிடும்.

பீட்டர்ஹாஃபுக்கு ஒரு வசதி இருந்தது. அதன் நீரூற்றுகளுக்குப் பம்பு கிடையாது. 1721இல் மகா பீட்டர் வெட்டிய, ரோப்ஷா மேட்டிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாய் நீர் தன் சரிவின் அழுத்தத்திலேயே மேலே பீறிடுகிறது. சாம்சன் சிலையின் தாரை 20 மீட்டர் எழும். நிலக்கரி இல்லாத ஆண்டிலும் மதகைத் திறந்தால் போதும். மற்ற அரண்மனைகளுக்கு இப்படி ஒரு வரம் இல்லை.

இங்கேதான் விறகு வருகிறது. போருக்கு முன்பு பெத்ரோகிராத் எரித்தது பெரும்பாலும் கடல்வழி வந்த ஆங்கில நிலக்கரி. அது 1914இல் நின்றது. தெற்கே தொன்பாஸ் சுரங்கப் பகுதியின் நிலக்கரியை உள்நாட்டுப் போர் மறித்தது. நகரத்து மக்கள் மரவீடுகளைப் பிரித்து அடுப்பில் வைத்தார்கள். 1,945 சன்னல், 117 மாடிப்படி என்று வழக்கமாகக் கணக்குச் சொல்லப்படும் குளிர்கால அரண்மனையைச் சூடாக்க யாரிடம் விறகு இருக்கும்? சூடாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் குழாய். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். குழாயை முழுக்க வடித்துவிடாவிட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். குளிர் இருக்கும் வரை அது வெளியே தெரியாது. ஏப்ரலில் பனி இளகும்போதுதான் மேல்மாடிக் குழாய் கீழ்மாடிக் கூரை ஓவியத்தின் மேல் கொட்டத் தொடங்கும். அடுத்தது வசந்தம். சுவர்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கின்றன. வெளிக்காற்றோ வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வருகிறது. நல்ல நாளென்று சன்னலைத் திறந்துவிட்டால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலச் சுவர், பளிங்குத் தூண், கண்ணாடி எல்லாம் வியர்க்கும். தங்கத்தகடு ஒட்டியிருப்பது சுண்ணமும் விலங்குப் பசையும் கலந்த பூச்சின் மேல். பசை ஈரத்தில் இளகினால் தங்கம் செதில் செதிலாக உதிரும். பட்டுத்துணியில் பூஞ்சை பிடிக்கும். தரையின் மரத்துண்டுகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கிக் கூடாரம்போல மேலெழும். இதற்குப் பயந்து திடீரென்று அடுப்பை மூட்டினாலும் ஆபத்துதான்: காற்றின் ஈரப்பதம் சரேலென்று விழுந்து மரம் சுருங்கும், மேலே ஒட்டியிருப்பது சுருங்காது. சுவர்ப் பலகைகளில் அம்பர் பதித்த ஜார்ஸ்கோயே செலோவின் அம்பர் அறைக்கு இருந்த நாள்பட்ட நோயும் இந்த வகைதான். மரப்பலகை நீண்டு குறுகும், அதன் மேல் ஒட்டிய அம்பர் சில்லுகள் அசையாமல் இருந்து கடைசியில் கழன்று விழும். 1941இல் அந்தப் பலகைகளைப் பெயர்த்துக் கொண்டுபோகத் துணியாமல் மறைத்து மட்டும் வைத்ததற்கும், ஜெர்மானியர் கையில் அவை சிக்கியதற்கும் மூலகாரணம் அதுவே.

ஆகவே காப்பாளர்கள் முன்னால் இருந்த தேர்வு கொடியது. சில அறைகளுக்கு மட்டும் சூடு கொடுத்து மற்றவற்றைப் பூட்டிவிடலாம். அல்லது அரண்மனையின் ஒரு பகுதியை, சொந்தமாக விறகு ஒதுக்கீடு உள்ள ஓர் அமைப்புக்குக் கொடுத்துக் கூரையையும் குழாயையும் அவர்கள் தலையில் கட்டலாம். பல அரண்மனைகள் அலுவலகமாகவும் விடுதியாகவும் மாறியதற்குச் சித்தாந்தம் ஒரு காரணம் என்றால் இந்தக் கணக்கு இன்னொரு காரணம். ஆளில்லாத அரண்மனையைவிடத் தவறான ஆள் குடியிருக்கும் அரண்மனை நீண்ட நாள் நின்றது என்பது என் கணிப்பு.

யார் யாருக்கு எது போயிற்று என்று பார்த்தால் அந்தப் பத்தாண்டின் முகம் தெரியும். கோமகன் நிக்கொலாயின் அரண்மனை தொழிற்சங்கங்களின் ‘உழைப்பு அரண்மனை’ ஆயிற்று. கோமகன் விளாதிமிரின் அரண்மனையில் 1920 ஜனவரியில், கார்க்கியின் முயற்சியால், பட்டினியில் வாடிய பேராசிரியர்களுக்கான அறிவியலாளர் இல்லம் திறந்தது. பளிங்கு அரண்மனைக்குத் தொல்லியல் ஆய்வுக்கழகம் குடிவந்தது. அனிச்கோவ் அரண்மனை முதலில் நகர அருங்காட்சியகம், 1937 பிப்ரவரியிலிருந்து இளம் பயனியர்கள் என்ற சோவியத் சிறுவர் அமைப்பின் அரண்மனை. தவ்ரீதா அரண்மனை 1918இல் கொல்லப்பட்ட போல்ஷெவிக் தலைவர் உரீத்ஸ்கியின் பெயரைப் பெற்றது. 1920 ஜூலையில் கொமின்டெர்னின் (கம்யூனிஸ்ட் அகிலத்தின்) இரண்டாம் மாநாடு அங்கேதான் தொடங்கியது. பீட்டர்ஹாஃபுக்கு அருகில் செர்கியேவ்காவில் உயிரியல் ஆய்வாளர்கள் குடியேறினார்கள். மாஸ்கோவின் பெத்ரோவ்ஸ்கி அரண்மனை 1923இல் விமானப்படைக் கல்விக்கழகத்துக்குப் போனது. கமென்னி தீவின் மாளிகைகள் தொழிலாளர் ஓய்வில்லங்களாயின. தீவின் பெயரே ‘உழைப்பாளர் தீவு’ ஆயிற்று.

ஜார்ஸ்கோயே செலோ, அதாவது ‘ஜாரின் ஊர்’, ‘தேத்ஸ்கோயே செலோ’ ஆனது. ‘குழந்தைகளின் ஊர்’ என்று பொருள். பெயர் வெறும் அலங்காரமில்லை. நல்ல குடிநீர்க் குழாய், மின்விளக்கு, கழிவுநீர் வசதி, சுத்தமான காற்று எல்லாம் ஒருங்கே இருந்த ஊர் அது. உள்நாட்டுப் போர் அநாதையாக்கிய பிள்ளைகளை வேறெங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? காலிசெய்யப்பட்ட மாளிகைகள் குழந்தைகள் இல்லங்களாயின. அலெக்சாந்தர் அரண்மனையின் மாடியில்கூட ஜாரின் பிள்ளைகள் வளர்ந்த அறைகளில் ஓர் இல்லம் இயங்கியது. கீழே நிக்கொலாஸ் - அலெக்சாந்திரா தம்பதியின் அறைகள் அருங்காட்சியகம். பின்னாளில் மறு சிறகு இரகசியக் காவல் துறையின் ஓய்வில்லம். ஒரே கூரையின் கீழ் மூன்று நிர்வாகம். கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது என்ற தகராறு எப்படி இருந்திருக்கும் என்பது கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த யாருக்கும் விளங்கும்.

தெற்கே கிரிமியாவில் கணக்கு வேறு. அங்கே விறகுப் பஞ்சம் உயிர்ப்பிரச்சினை இல்லை. யால்தாவுக்கு அருகிலுள்ள லிவாதியா அரண்மனையை க்ராஸ்னோவ் என்ற கட்டடக் கலைஞர் 1911இல்தான் கட்டி முடித்திருந்தார். மின்சாரமும் நவீனக் குழாய் வசதியும் உள்ள புதுக்கட்டடம். போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை 1920 நவம்பரில் கப்பலேறியது. டிசம்பர் 21 அன்றே, கிரிமியாவின் அரண்மனைகளையும் மாளிகைகளையும் உழைப்பாளர் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டார். 1925இல் லிவாதியா விவசாயிகளுக்கான சானடோரியமாக (உடல்நல இல்லமாக) திறந்தது. இருபது ஆண்டு கழித்து ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் அமர்ந்து ஐரோப்பாவைப் பங்குபோட்டுப் பேசியது அதே கட்டடத்தில். அலுப்காவின் வொரோன்த்சோவ் அரண்மனை 1921 முதல் அருங்காட்சியகமானது. மத்திய ஆசியாவில் புகாரா அமீரின் கோட்டையை 1920 செப்டம்பரில் செஞ்சேனை குண்டுவீசிச் சிதைத்தது. ஊருக்கு வெளியே இருந்த அவரது கோடை அரண்மனை 1927இல் அருங்காட்சியகமாயிற்று.

குளிர்கால அரண்மனைக்குத் திரும்பலாம். எர்மிதாஜ் பொருள்கள் 1920 நவம்பரில் மாஸ்கோவிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தன. அரண்மனையின் ஒரு பகுதியில் புரட்சி அருங்காட்சியகம் இயங்கியது. 1941 வரை அங்கேயே இருந்தது. 1920 மே தினத்தன்று கூட்டு உழைப்பில் மக்கள் திரண்டு அரண்மனையின் மேற்குப் பக்கத் தோட்ட வேலியைப் பிரித்தார்கள். அந்த இரும்புக் கம்பிவேலி இன்று நகரின் தென்புறத்து ஆலைப்பகுதியில், ஜனவரி 9 பூங்காவைச் சுற்றி நிற்கிறது; 1905இல் அந்த அரண்மனையை நோக்கி மனுவோடு நடந்து சுடப்பட்டவர்களின் நினைவுப் பெயர் அது. 1920 நவம்பரில் நிக்கொலாய் யெவ்ரேய்னோவ் இயக்கத்தில் ‘குளிர்கால அரண்மனைத் தாக்குதல்’ ஆயிரக்கணக்கான நடிகர்களோடு சதுக்கத்திலேயே நாடகமாக நடந்தது. உண்மைத் தாக்குதலைவிட நாடகத்தில் ஆள் அதிகம். இன்று உலகம் நினைவில் வைத்திருக்கும் தாக்குதல் இந்த இரண்டாவதுதான்.

மியூசியமாக நின்ற அரண்மனைகளுக்குள் எதைக் காட்டுவது என்ற சண்டை ஓயவில்லை. பழைய காப்பாளர்களின் கொள்கை, எதையும் அசைக்காதே என்பது. மேசை மேல் பேனா, சாம்பல் கிண்ணம், படுக்கைக்குப் பின்சுவரில் அடுக்கடுக்காகத் திருவுருவப் படங்கள். கட்சிக்கும் முதலில் இது பிடித்திருந்தது. ஜாரின் அறைகளில் ரசனை மட்டம், மூடபக்தி அதிகம் என்று வழிகாட்டிகள் சுட்டிக்காட்ட அந்தப் பொருள்களே சாட்சி. சிக்கல் என்னவென்றால், பார்வையாளர் எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி பார்ப்பதில்லை. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் சிலருக்குக் கண் கலங்கியது. குளிர்கால அரண்மனையிலிருந்த அரச குடும்ப அறைகள் 1920களிலேயே கலைக்கப்பட்டன. 1930 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த முதல் அருங்காட்சியக மாநாட்டுக்குப் பிறகு, அறையைப் பேசவிடாமல் முழக்க அட்டைகளும் புள்ளிவிவரப் பலகைகளும் முன்னால் வந்து நின்றன.

இதற்குள் பணம் முட்டியிருந்தது. புதிய பொருளாதாரக் கொள்கை 1921இல் வந்ததும் அருங்காட்சியகங்கள் தம் செலவில் ஒரு பங்கைத் தாமே ஈட்டிக்கொள்ளச் சொல்லப்பட்டன. பட்டியல்கள் இப்போது வேறு கண்ணால் படிக்கப்பட்டன. பொருள்கள் மூன்றாகப் பிரிந்தன: அரண்மனையிலேயே இருக்க வேண்டியவை, அரசு அருங்காட்சியக நிதியத்தின் கிடங்குக்குப் போய் மற்ற ஊர்களுக்குப் பங்கிடப்படுபவை, ‘அருங்காட்சியக மதிப்பு அற்றவை’. மூன்றாவது வகையை விற்கலாம், அலுவலகங்களுக்கு மேசை நாற்காலியாகக் கொடுக்கலாம். பன்னிரண்டு நாற்காலி கொண்ட தொகுப்பில் இரண்டை மாதிரிக்கு வைத்துக்கொண்டு பத்தை ‘உபரி’ என்று தள்ளினால் கணக்கில் குறை தெரியாது. மண்டபம் மட்டும் மண்டபமாக இருக்காது. பட்டியலில் எண் இல்லாத பொருள் களவுபோயிற்று, எண் உள்ள பொருள் விற்பனைக்குப் போயிற்று என்று கசப்பாகச் சொல்லலாம்.

1928இலிருந்து வேகம் பிடித்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எந்திரங்கள் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். வெளிவணிகத் துறையின் கீழ் ‘அந்திக்வாரியாத்’ என்ற அமைப்பு விற்பனையைக் கையிலெடுத்தது. 1928 நவம்பரில் பெர்லினின் லெப்கே ஏல நிறுவனத்தில் லெனின்கிராத் (பெத்ரோகிராதின் புதிய பெயர்) அரண்மனைகள், அருங்காட்சியகங்களின் பொருள்கள் ஏலம் போயின. எண்ணெய் வணிகர் குல்பென்கியான் எர்மிதாஜிலிருந்து ரூபென்ஸ், ரெம்பிராண்ட் ஓவியங்களையும் ஊதோனின் டயானா சிலையையும் வாங்கினார். அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரு மெல்லன் 1930-31இல் 21 ஓவியங்களுக்குக் கொடுத்த தொகை சுமார் 66.5 லட்சம் டாலர். ரஃபேலின் ஆல்பா மடோனா ஒன்றுக்கே 11,66,400. அவை இன்று வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ளன. அரச குடும்பத்துக்காக நகைக் கலைஞர் ஃபேபர்ஜே செய்த ஈஸ்டர் முட்டைகளும் கணிசமாகக் கைமாறின. கிரெம்ளினில் மிஞ்சியவை 10.

ஓவியங்கள்தான் பேசப்படுகின்றன. அரண்மனைகளின் உள்ளமைப்பு என்று பார்த்தால் காத்சினாவும் பாவ்லோவ்ஸ்கும் இழந்த தறிச்சித்திரத் திரைகள், மேசைகள், வெண்கலக் கடிகாரங்கள் பெரிய இழப்பு, ஏனென்றால் அவை அந்தந்தச் சுவருக்கென்று அளவெடுத்து வைக்கப்பட்டவை. வருமானமோ சொற்பம். 1929இன் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு விற்பவர் அவசரத்தில், வாங்குபவர் நிதானத்தில். சந்தையில் ஒரே நேரம் குவிந்த சரக்கு தன் விலையைத் தானே அடித்தது.

விற்றது சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியும் அப்போதே நீதிமன்றம் ஏறியது. ஜாரின் சிற்றப்பா கோமகன் பாவெலின் மனைவி ஓல்கா பாலெய் இலண்டனில் தொடுத்த வழக்கு இதில் முக்கியமானது. கணவர் 1919 ஜனவரியில் பெத்ரோகிராதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஸ்கோயே செலோவிலிருந்த அவர்களது மாளிகையும் அருங்காட்சியகமாக்கப்பட்டிருந்தது. அதன் பொருள்களை 1928இல் சோவியத் அரசு ஒரு வணிகக் குழுவுக்கு விற்க, அவை இலண்டன் வந்ததும் பாலெய் உரிமை கோரினார். 1929இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பிரிட்டன் அங்கீகரித்த ஓர் அரசு, தன் நிலத்தில், தன் ஆணையின் பேரில் கைப்பற்றியதை ஆங்கில நீதிமன்றம் புரட்டிப் போடாது. பெர்லின் ஏலத்தை எதிர்த்தவர்களும் தடுக்க முடியவில்லை. மேற்கத்திய வாங்குவோர் துணிந்து இறங்கியதற்கு இந்தத் தீர்ப்புகள் தைரியம் கொடுத்தன.

உள்ளேயிருந்தும் ஒருவர் தடுத்தார். எர்மிதாஜின் கீழ்த்திசைப் பிரிவுத் தலைவர் யோசிஃப் ஓர்பெலி, பண்டைய பாரசீகத்தின் சாசானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்களை அந்திக்வாரியாத் கேட்டபோது 1932இல் நேராக ஸ்டாலினுக்கு எழுதினார். கீழ்த்திசைப் பிரிவைத் தொடக்கூடாது என்று நவம்பரில் பதில் வந்தது. பிறகு நடந்தது அலுவலகச் சாமர்த்தியம்: கீழ்த்திசையோடு எவ்விதத்திலாவது முடிச்சுப்போடக்கூடிய பொருள்களெல்லாம் அந்தப் பிரிவின் பட்டியலுக்கு மாறின.

கிரெம்ளினில் அருங்காட்சியகக் காப்பாளர்களின் சொல் எடுபடவில்லை, ஏனென்றால் அங்கே 1918 மார்ச்சிலிருந்து அரசே குடியிருந்தது. நிக்கொலாஸின் சிறு அரண்மனையும் பக்கத்து மடங்களும் 1929 முதல் இடிக்கப்பட்டன. பெரிய அரண்மனையின் அந்த்ரேய், அலெக்சாந்தர் மண்டபங்களின் நடுச்சுவரை 1930களின் தொடக்கத்தில் உடைத்து நீண்ட கூட்ட அரங்காக்கினார்கள். 1990களின் இறுதியில் இரண்டையும் திரும்பக் கட்டியபோது பழைய வரைபடங்களும் படங்களும் தேவைப்பட்டன.

இன்றும் ஏலச்சந்தைக்கு ஒரு ரஷ்ய நாற்காலி வந்தால் தெரிந்தவர்கள் முதலில் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, கவிழ்த்துப் போடுகிறார்கள். அடிச்சட்டத்தில் அரசவைக் கிடங்கின் முத்திரை இருக்கலாம். அதற்குப் பக்கத்தில், அறையைச் சுற்றிவந்து எழுதிய யாரோ ஒரு காப்பாளர் கையால் இட்ட 1920களின் அரண்மனை எண் இருக்கலாம். அந்த எண்ணைப் பழைய பேரேட்டில் தேடினால் எந்த மண்டபம், எந்தச் சுவர் என்பது வரும். சில பேரேடுகளில் அதே வரியின் கடைசிக் கட்டத்தில் அது வெளியே போன தேதியும் இருக்கும்.